புட்டலட்சுமியின் பத்து விரல்கள்

பஸ் கிளம்பிய உடனே தூங்கிவிடுகிற ஆளை நம்பக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாக வேடிக்கை பார்க்கிறவனையும் நம்பக் கூடாது. செக்கிங் இன்ஸ்பெக்டரைக் கண்டதும் "நமஸ்காரம் மேடம்" என்று பல்லைக் காட்டுகிறவன் இருக்கிறானே, அவனிடம்தான் முதலில் டிக்கெட் கேட்க வேண்டும். இவை புட்டலட்சுமியின் சட்டங்கள். ஹாசன் டிப்போவில் பதின்மூன்று வருஷம் கண்டக்டராகவும், பன்னிரண்டு வருஷம் செக்கிங்கிலும் இருந்து அவளே இயற்றிக்கொண்டவை.

அவள் வேலை செய்கிற விதமே தனி. மற்ற இன்ஸ்பெக்டர்கள் ஏறியதும் முதல் சீட்டிலிருந்து டிக்கெட் கேட்டுக்கொண்டே போவார்கள். இவள் யாரிடமும் ஒன்றும் கேட்கமாட்டாள். முன்படியில் நின்று பஸ்ஸை ஒருதரம் பார்ப்பாள். அடுத்து கண்டக்டரின் மெஷினை வாங்கி எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்று பார்ப்பாள். "ரெண்டு தலை கூட இருக்கு. ஒண்ணு பின்னாடி" என்று சொல்லிவிட்டுத்தான் நடக்கவே ஆரம்பிப்பாள். தப்பியதே இல்லை. பெண்களுக்கு இலவச டிக்கெட் வந்த பிறகு கூட்டம் பிதுங்கி வழிகிறது, இனிமேல் எப்படி எண்ணப் போகிறாள் பார்ப்போம் என்று டிப்போவில் சிலர் காத்திருந்தார்கள். பாவம், இன்னும் காத்திருக்கிறார்கள்.

காக்கியைக் கழற்றினாலும் கண் கழற்ற வராது. பால்காரர் ஊற்றும்போது நுரை அடங்குகிறவரைக்கும் பாத்திரத்தை நகர்த்தமாட்டாள். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். பக்கத்து வீட்டுக்காரி காரணமில்லாமல் பாயசம் கொடுத்தனுப்பினால், நாளைக்கு என்ன கேட்டு வரப் போகிறாள் என்று யோசித்துக்கொண்டேதான் குடிப்பாள்.

அவள் புருஷன் ஜவரேகவுடா இதற்கு நேர்மாறு. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுக்கிற கடை வைத்திருக்கும் நல்ல மனுஷன். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்டு, உடனே அதை வாங்கி வந்துவிடுவான். மகள் இஞ்சராவுக்கு ஞாபகசக்தி லேகியம், மூளை வளர வாதுமைப் பருப்பு, தலைமாட்டில் வைத்துப் படுக்க ஏதோ ஒரு கல் என்று அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க அவன் நம்பிக்கைகள் அடுக்கியிருக்கும். லேகியத்தை வீட்டிலுள்ள எறும்புகள் தின்றன. அவற்றுக்கு ஞாபகசக்தி கூடித்தான் போயிற்று. டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் வந்துவிடுகின்றன என்பாள் புட்டலட்சுமி.

இஞ்சராவுக்கு அது எஸ்.எஸ்.எல்.சி. வருஷம். ஜனவரி மாதம் பிறந்ததும் புட்டலட்சுமிக்கு மூக்கில் வியர்க்க ஆரம்பித்தது. காரணம், காதில் மாட்டுகிற அந்த ஒயர்.

பெண் எந்நேரமும் அதை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண் மூடியிருக்கும், உதடு மட்டும் லேசாக அசையும். அம்மா வருகிற சத்தம் கேட்டால் சட்டென்று நிமிர்ந்து உட்காருவாள். பதினைந்து வயசுப் பெண் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தால் எந்தத் தாய்க்கும் தோன்றுவதுதான் புட்டலட்சுமிக்கும் தோன்றியது. அவளுக்கு ஒருபடி மேலேயே தோன்றியது: எவன், எந்த ஸ்டாப்பில் ஏறுகிறவன் என்பது வரைக்கும் போய்விட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை டூட்டி முடிந்து, செருப்பை வாசலிலேயே சத்தமில்லாமல் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

"ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர் ப்ளஸ் டூ ஏபி" என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும் அதையே சொன்னது.

புட்டலட்சுமி ஒரு நிமிஷம் முழுக்கக் கேட்டாள். நடுவில் எங்காவது ஒரு ஆண் குரல் வந்துவிடும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"என்னடி இது?"

"கணக்கும்மா."

"கணக்கை எவளாவது காதால போடுவாளா?"

"நான் காது வழியாப் படிக்கிற பிள்ளை. எழுதிப் பார்த்தா எனக்கு ஏறாது. ரிப்போர்ட்ல இருக்கு."

எந்த ரிப்போர்ட் என்று கேட்டதற்கு மகள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் புட்டலட்சுமி ஆயிரம் பஸ்களில் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள்.

மூன்று விஷயங்கள் அகப்பட்டன. முதலாவது, கணக்குப் பரீட்சைத் தாள். தப்பாக எழுதியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. எட்டுக் கேள்விகளுக்கு எதிரே வெறும் வெள்ளையாக இருந்தது. கேள்வி எண்ணை மட்டும் மணிமணியாகப் போட்டுவிட்டு, கீழே இடம் விட்டு அடுத்த எண்ணுக்குப் போயிருந்தாள் பெண். இரண்டாவது, பள்ளியிலிருந்து வந்த ஒரு கடிதம். மூன்றாவது, வழவழப்பான அட்டை போட்ட ஒரு புத்தகம். அட்டையில் இரண்டு நிறத்தில் பிளந்த மூளை, அதைச் சுற்றிப் பத்து விரல் ரேகைகள், மேலே 'ஹஸ்தமேதா – உங்கள் குழந்தையின் பிறவித் திறன்' என்ற எழுத்து.

"வலது மூளை ஆதிக்கம், நூற்றுக்கு அறுபத்தொன்பது" என்று உள்ளே போட்டிருந்தது. கற்பனை, இசை, நடனம் ஓங்கி நிற்கும். கணிதத் திறன் பிறவியிலேயே குறைவு; வற்புறுத்தினால் மூளை சோர்ந்துவிடும். கேட்டுக் கற்கும் வகை. விரல் ரேகையும் மூளையும் கருவில் ஒன்றாக உருவாகின்றன என்பதால் இது ஆயுளுக்கும் மாறாது.

பள்ளிக் கடிதம் சுருக்கமாக இருந்தது. ரிப்போர்ட்டின்படி கணக்கில் பலவீனமான பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து, முப்பத்தைந்து மார்க் வாங்கப் போதுமான நாலு பாடத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். மற்ற பாடங்களை அந்தப் பிள்ளைகள் தொடவேண்டாம். இந்தப் 'பாஸ் பேக்கேஜ்' பிரிவுக்குப் பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும். பதினைந்து நாள் தவணை.

புட்டலட்சுமிக்கு அந்த நாலு பாடத்தின் அர்த்தம் புரியாமல் இல்லை. சக்லேஷ்பூர்ப் பக்கம் மலைக்கு மலை போட்ட ரயில் பாலங்களைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, பாலம் கட்டுகிற படிப்புதான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இஞ்சரா. முப்பத்தைந்து மார்க் வாங்குகிறவளை எந்தக் காலேஜில் பாலம் கட்டக் கூப்பிடுவார்கள்? இந்தக் கையெழுத்து விழுந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

"பாலம் என்னாச்சு?" என்றாள்.

"எனக்கு அதுக்குண்டான மூளை இல்லம்மா" என்றாள் இஞ்சரா. அழவில்லை. தலைவலிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் புட்டலட்சுமியை உறுத்தியது.

சாயங்காலம் ஜவரேகவுடா வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். ராகிக் களியைத் தட்டில் வைத்து, குழம்பை ஊற்றாமல் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ரீ, இது எப்ப நடந்தது?" புருஷனை 'ரீ' என்று கூப்பிடும்போது அவள் குரலில் ஒரு மரியாதை இருக்கும். அன்றைக்கு அது விசாரணை அதிகாரியின் மரியாதை.

"போன வருஷம். ஸ்கூலுக்கே வந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் விரல் ரேகை எடுத்தாங்க. உனக்கு அன்னிக்கு டூட்டி. நான்தான் ஃபாரம் எழுதிக் கொடுத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன சொல்லுவன்னு தெரியும். அதான் சொல்லல."

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"இன்னும் இல்ல. போடலாம்னு இருக்கேன். லச்சுமி, மனுஷன் மூளைல பத்துல ஒரு பங்குதான் வேலை செய்யுதாம். ரேகை எடுத்த அந்த ஓங்காரமூர்த்தி சார் சொன்னாரு. அந்த ஒரு பங்கையும் ஆகாத கணக்குல போட்டுக் கரைக்கறதுக்கு, வர்ற விஷயத்துல போடலாமேன்னார். பிள்ளை நிம்மதியா இருப்பா. குழம்பு ஊத்து."

"பத்துல ஒரு பங்கு. உங்களைப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். ஆனாலும் குழம்பை ஊற்றினாள்.

ரெண்டு நாள் கழித்து, காக்கியில்லாமல் ஒரு சாதாரணப் புடவையில், ஹாசன் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் மாடியிலிருந்த ஹஸ்தமேதாவுக்குப் போனாள். உள்ளே ஏ.சி., சாம்பிராணி மணம், கண்ணாடிக் கூண்டில் ஒரு பிளாஸ்டிக் மூளை. ஓங்காரமூர்த்தி நாற்பது வயசு ஆள், நெற்றியில் சந்தனம். ரொம்பப் பணிவாக எழுந்து நின்றான். செக்கிங்குக்கு எழுந்து நிற்கிற ஆளைப் பற்றிப் புட்டலட்சுமிக்குத் தனிச் சட்டமே உண்டு.

"குழந்தை எங்கம்மா?"

"குழந்தை இல்ல. எனக்குத்தான். ஆபீஸ்ல பரீட்சை எழுதச் சொல்றாங்க. என் மண்டைக்கு எது ஏறும்னு தெரிஞ்சா நல்லதுதானே?"

"அருமை. பெரியவங்களும் வர்றாங்கம்மா. முதல்ல இந்த ஃபாரத்தை எழுதுங்க, அப்புறம் விரல் வைக்கலாம்."

ஃபாரம் இரண்டு பக்கம். பிடித்த பாடம் எது, பிடிக்காதது எது, பாட்டுக் கேட்பீர்களா, கணக்கில் எப்படி, பேச்சு அதிகமா, கோபம் வருமா. புட்டலட்சுமி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் அந்தத் தாளையே பார்த்தாள். எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று முதலில் வாயைக் கிளறிக் கேட்டுக்கொண்டு, பிறகு கண்ணை மூடி, டிக்கெட்டை நெற்றியில் வைத்து ஊர்ப் பெயரைச் சொல்கிறவன் கதையாக அல்லவா இருக்கிறது?

இருந்தாலும் உண்மையையே எழுதினாள். பாட்டு பிடிக்கும். கணக்கு வராது.

கணக்கு வராது என்பது அவள் சர்வ சாதாரணமாக எழுதுகிற, சொல்லுகிற விஷயம். ஹொளெநரசிபுரத்துக்கு அந்தண்டை ஒரு ஊரில் ஏழாவது படிக்கும்போது, தப்பாகப் போட்ட கணக்கைத் தூக்கிக் காட்டி சுப்பண்ணா மாஸ்டர் வகுப்புக்கே சொன்னார்: "பொம்பளை மூளை ஆம்பளை மூளையைவிட அஞ்சு தோலா எடை குறைச்சல். கணக்கு அந்த அஞ்சு தோலாவுலதான் இருக்கு." வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் ஒருதரம் தோற்று, மறுதரம் நூலிழையில் தப்பித்தாள். அன்றிலிருந்து எங்கே கணக்குப் பேச்சு வந்தாலும், "எங்க பக்கத்துத் தலைக்குக் கணக்கு ஏறாது" என்று சொல்லிக் கையை உதறிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு சின்னப் பெருமைகூட உண்டு, குடும்பச் சொத்தைச் சொல்வதுபோல.

பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தாள். மெஷின் பச்சையாக மின்னியது.

அடுத்த திங்கட்கிழமை டூட்டி அரசிக்கெரெ வழியில். அங்கேயும் ஹஸ்தமேதாவுக்கு ஒரு கிளை உண்டு என்று நோட்டீஸில் பார்த்து வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஜீப்பை விட்டு இறங்கி அங்கே போனாள். வேறு ஆள், அதே ஃபாரம். இந்தமுறை எல்லாவற்றையும் தலைகீழாக எழுதினாள். பாட்டு பிடிக்காது. கணக்கு என்றால் உயிர். எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. பெயரை 'காவேரம்மா' என்று போட்டாள். பத்து விரல் மட்டும் அதே பத்து விரல்.

சனிக்கிழமைக்குள் இரண்டு புத்தகமும் வந்துவிட்டன. ஹாசன் புத்தகம் சொன்னது: வலது மூளை அறுபத்தெட்டு, கணிதத் திறன் பிறவியிலேயே குறைவு. அரசிக்கெரெ புத்தகம் சொன்னது: இடது மூளை எழுபத்தொன்று, எண்களில் அபூர்வத் திறன். இரண்டும் ஆயுளுக்கும் மாறாதவை.

ஒரே சீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததாக எழுதிய கண்டக்டரை அவள் பார்த்ததுண்டு. ஒரே மண்டையில் இரண்டு மூளை வைத்தவனை இப்போதுதான் பார்க்கிறாள். அன்றைக்கே காக்கியை மாட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

ஓங்காரமூர்த்தி இரண்டு புத்தகத்தையும் புரட்டினான். அசரவில்லை.

"மேடம், நாப்பத்தேழு வயசு. இந்த வயசுல மூளை இறுகிப் போயிடும். புதுசா எதுவும் ஏறாது. அதனால அளவு கொஞ்சம் ஆடும்."

"ஆயுளுக்கும் மாறாதுன்னு அச்சடிச்சிருக்கீங்களே, அது?"

"மெஷினுக்கு மெஷின் சின்ன வித்தியாசம்."

"அறுபத்தெட்டு வலதுன்னு ஒரு மெஷின். எழுபத்தொண்ணு இடதுன்னு இன்னொண்ணு. ஹாசனுக்குன்னு டிக்கெட் கிழிச்சு மைசூர்ல இறக்கி விட்டுட்டு, சின்ன வித்தியாசம்னு சொன்னா நான் விட்டுருவேனா?"

"நீங்க அங்க ஃபாரத்துல என்ன எழுதினீங்களோ..." என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் வார்த்தை இறங்கிவிட்டது.

"அப்ப பேசறது விரலா, ஃபாரமா?"

ஓங்காரமூர்த்தியின் பணிவு அதோடு முடிந்தது. எழுந்து அலமாரியைத் திறந்தான். "உங்க விலாசத்துல இன்னொரு ஃபாரமும் எங்ககிட்ட இருக்கு. உங்க மகள் பேரு இஞ்சராதானே? கணக்கு வராதுன்னு நான் கண்டுபிடிக்கல மேடம். உங்க வீட்லதான் எழுதிக் கொடுத்தாங்க. நீங்களே பாருங்க" என்று ஒரு தாளை மேஜைமேல் வைத்தான்.

ஜவரேகவுடாவின் உருண்டை எழுத்து. 'பலவீனமான பாடம்' என்ற கோட்டுக்கு எதிரே எழுதியிருந்தான்: கணக்கு. பக்கத்தில், யாரும் கேட்காமலே, அடைப்புக்குறிக்குள்: தாய் வழி.

புட்டலட்சுமி அந்தத் தாளை இரண்டுதரம் படித்தாள். அதை மேஜைமேலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் படி இறங்கினாள். இறங்கும்போது கோபமெல்லாம் புருஷன்மேல் திரும்பியிருந்தது. மெஷின்காரன் பொய் சொன்னான் சரி, அவனுக்குப் பொய்யை எடுத்துக் கொடுத்தது நம் வீட்டு ஆள் அல்லவா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவரைக்காய்க் காலம் என்பதால் ஹாசனில் அன்று எந்த வீட்டிலும் வேறு சமையல் இருக்காது. முந்தின நாள் ஊறப்போட்ட கொட்டைகளை நடுவில் கொட்டிக்கொண்டு, மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். ஈரத்தில் விரல்கள் சுருங்கிப் போயிருந்தன. பள்ளிக் கடிதம் ஜவரேகவுடாவின் சட்டைப் பையில் இருந்தது. நாளைக்குக் கடைசி நாள்.

"தாய் வழின்னு எதுக்கு எழுதினீங்க?" என்றாள் புட்டலட்சுமி.

ஜவரேகவுடா ஒரு கொட்டையைப் பிதுக்கினான். அது துள்ளிக் கதவு வரைக்கும் போயிற்று. "நீதானே எப்பவும் சொல்லுவ. எங்க பக்கத்துத் தலைக்குக் கணக்கு ஏறாதுன்னு. ஃபாரத்துல இடம் இருந்துச்சு. விவரமா எழுதினா நல்லதாச்சேன்னு எழுதினேன்."

"நான் என்னைப் பத்திச் சொன்னேன். பிள்ளையைப் பத்தியா சொன்னேன்?"

"எங்க பக்கம்னா பிள்ளை எந்தப் பக்கம்?" என்றான் அவன். விவாதம் செய்யவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான்.

அவனோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு புத்தகத்தையும் எடுத்து வந்து மகள் முன்னால் போட்டாள்.

"இங்க பாருடி. ரெண்டும் என் விரல்தான். ஒண்ணு ஹாசன்ல வச்சது, ஒண்ணு அரசிக்கெரெல வச்சது. ஃபாரத்துல எப்படி எழுதினேனோ அப்படியே திருப்பி அடிச்சுக் கொடுத்திருக்கான். உனக்கு வலது மூளையும் கிடையாது, காது மூளையும் கிடையாது. எல்லாம் காதுல பூ சுத்தற வேலை. உனக்கு நம்பிக்கை வரலேன்னா இதைப் படி." அரசிக்கெரெ புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தாள். "எண்களில் அபூர்வத் திறன். யாருக்கு? எனக்கு. இந்தப் புட்டலட்சுமிக்கு. இதுக்கு மேல ஒரு பொய்யை எவனாவது அச்சடிக்க முடியுமா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜவரேகவுடாவும் சேர்ந்து சிரித்தான்.

இஞ்சரா சிரிக்கவில்லை. இரண்டு புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு புக்குலயும் எனக்குப் பொய்யாத் தெரியாதது அது ஒண்ணுதாம்மா."

"எது?"

"தசராவுக்குப் பேலூர் போனோமே. லீவுலகூட நீ சும்மா இருக்கல. ஏறி உக்கார்றதுக்குள்ள, 'அறுபத்திமூணு பேர், மடியில மூணு குழந்தை'ன்னு சொன்ன. நான் பின்னாடி திரும்பி ஒவ்வொருத்தரா எண்ணினேன். பேலூர் வர்றதுக்குள்ளதான் முடிச்சேன். அறுபத்திமூணு. மூணு குழந்தை."

"அது எண்ணறது. கணக்கா அது?"

"நீ எண்ணல. நான் உன் கண்ணைத்தான் பாத்துட்டிருந்தேன். காலி சீட்டை மட்டும் பாத்த. மொத்த சீட்டுல இருந்து அதைக் கழிச்ச. நின்னவங்களை மூணு மூணாக் கூட்டின."

"அது பழக்கம். பன்னெண்டு வருஷமாச் செஞ்சா யாருக்கும் வரும்."

"வரும்ல?" என்றாள் இஞ்சரா. "அப்ப அந்த அஞ்சு தோலா எப்ப ஏறுச்சு? செக்கிங் வந்த பிறகா?"

சுப்பண்ணா மாஸ்டர் கதையைப் புட்டலட்சுமியே ஆயிரம் தரம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள், இந்தப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டே.

"அவர் சொன்னாரே, நீ எடை போட்டுப் பாத்தியா?"

"மாஸ்டர் சொன்னா யாராவது எடை போடுவாங்களா?"

"ஒரு டப்பா சோடா உப்பு வாங்கினாக்கூட நீ எடை போட்டுப் பாப்பம்மா."

ஜவரேகவுடா தலையைக் குனிந்துகொண்டு ரொம்ப வேகமாகப் பிதுக்க ஆரம்பித்தான்.

இஞ்சராவின் குரல் அதற்குப் பிறகுதான் உடைந்தது. "ரிப்போர்ட்டு வந்தப்ப கிளாஸ்ல பாதிப் பேரு நம்பல. கிழிச்சுப் போட்டுட்டாங்க. நான் நம்பினேன். ஏன்னா எனக்கு அது புதுசு இல்ல. ரெண்டாங்கிளாஸ்ல கழித்தல் தப்பாப் போட்டுட்டு வந்தேன். நீ திட்டக்கூட இல்ல. தலையைத் தடவி, 'விடு, நம்ம பக்கத்துத் தலைக்குக் கணக்கு ஏறாது'ன்ன. நீ யாரையும் நம்பமாட்ட. எதையும் சரிபாக்காம சொல்லமாட்ட. நீ சொன்னா அது சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

புட்டலட்சுமி தன் சுருங்கின விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை ஆயிரம் பேரை எழுப்பி நிறுத்தி டிக்கெட் கேட்டிருப்பாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒருவர் கொடுத்ததை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, ஒருதரம்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், அதை மகள் கையிலும் கொடுத்திருக்கிறாள். அழுதால் இன்னும் கேவலம் என்று எழுந்தாள்.

நேராகப் போய்ப் புருஷனின் பையிலிருந்து பள்ளிக் கடிதத்தை உருவினாள். "பேனா இருக்கா?"

ஜவரேகவுடா கொடுத்தான். 'சம்மதிக்கிறேன்' என்ற வார்த்தையைக் குறுக்கே அடித்து, கீழே பெயரெழுதி, பதவியையும் எழுதினாள். பிறகு மகளின் பையிலிருந்து அந்த வெள்ளைப் பரீட்சைத் தாளை எடுத்து வந்து கீழே உட்கார்ந்தாள்.

"இதுல நீ எழுதாம விட்ட முதல் கேள்வியைப் படி."

"இப்பவா?"

"படிடி. காதுல மாட்டாம படி."

இஞ்சரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். "ஒரு தாய் தன் மகளைவிட முப்பது வயது மூத்தவள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தாயின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்கு ஆகும். எனில் அவர்களின் தற்போதைய வயது என்ன?"

"இதை எதுக்கு விட்ட?"

"எக்ஸ் போட்டு ஆரம்பிக்கணும். எக்ஸைப் பாத்தாலே கை நின்னுடும்."

"எக்ஸ் யாரு?"

"தெரியாத ஆள். மகள் வயசுன்னு வச்சுக்கலாம்."

"தெரியாத ஆளா" என்றாள் புட்டலட்சுமி. அது அவளுக்குத் தெரிந்த விவகாரம். கண்ணை இடுக்கிக்கொண்டு தாளைப் பார்த்தாள், முன்படியில் நின்று பஸ்ஸைப் பார்ப்பதுபோல.

"அஞ்சு வருஷம் ஆனாலும் அம்பது வருஷம் ஆனாலும் நடுவுல இருக்கற அந்த முப்பது மாறாதுல்ல?"

"மாறாது."

"தாய் மூணு பங்கு, மகள் ஒரு பங்கு. அப்ப தாய்கிட்டக் கூட இருக்கறது ரெண்டு பங்கு. அந்த ரெண்டு பங்குதான் முப்பது. ஒரு பங்கு பதினஞ்சு. அது அஞ்சு வருஷம் கழிச்சு. இப்ப பொண்ணுக்குப் பத்து. தாய்க்கு நாப்பது."

இஞ்சராவின் பேனா இன்னும் எக்ஸ் போட்டு முடித்திருக்கவில்லை. அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஜவரேகவுடா பிதுக்குவதை நிறுத்திவிட்டான்.

"தப்பா இருக்கும்" என்றாள் புட்டலட்சுமி அவசரமாக. "இவ்வளவு சீக்கிரம் வந்தா எங்கயோ கோளாறு. நீ உன் முறையில போட்டுப் பாரு."

இஞ்சரா எழுதினாள். எக்ஸோடு முப்பத்தைந்தைக் கூட்டி, மறுபக்கம் மூன்றால் பெருக்கி, நடுவில் ஒருதரம் அடித்துத் திருத்தி, நாலு வரியில் முடித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் எழுதி முடித்த முதல் கணக்கு அது. பத்து, நாற்பது.

"சரியா இருக்கும்மா."

"உன்னுதும் தப்பா இருந்தா?"

"அஞ்சைக் கூட்டிப் பாரு. பதினஞ்சு, நாப்பத்தஞ்சு. மூணு மடங்கு."

புட்டலட்சுமி தாளை வாங்கிக்கொண்டாள். மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். ஈரம் காய்ந்த விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, உதட்டை அசைத்து, மறுபடியும் கூட்டி, மறுபடியும் கழித்துப் பார்த்தாள். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து மூடி ஆட ஆரம்பித்தது. ஜவரேகவுடா போய் இறக்கி வைத்தான். எவ்வளவு நேரம் பார்த்தும் அந்த விடையில் அவளால் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடுத்ததைப் படி" என்றாள்.